உப்புவெளிக் கரையும் காந்தக் குகையும்

இம்மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டனர். முப்பது ஆண்டுகள் நம் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் காந்த ஊசியையும் கம்பிச் சுருளையும் காட்டிக் காலங்கழித்த ஒருவர், காந்தத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதமாட்டாரா என்பது அவர்தம் எண்ணம் போலும். எழுதத்தான் அமர்ந்தோம். ஆயின் காந்தத்தை நினைத்தவுடன் ஒரு மனிதரும் கூடவே வந்து நின்றார். அவரை விலக்கிவிட்டு எழுத எம்மால் இயலவில்லை. எனவே இக்கட்டுரை அரைவாசி விஞ்ஞானமும் அரைவாசி ஒரு பழைய மாணவரின் கதையுமாக அமையும். குழுவினர் பொறுத்தருள்வாராக.

அவர் எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். பெயர் வேண்டா. உப்புவெளிக் கரையில் 'சம்மாட்டியார்' என்று சொன்னால், அக்காலத்தை அறிந்தோர் அறிந்துகொள்வர். தந்தையார் நோயுற்றமையால் 1964ஆம் ஆண்டில், சிரேஷ்ட வகுப்பை முடிக்காமலே, கரைவலைத் தொழிலை ஏற்கச் சென்றுவிட்டார். படிப்பில் அவர் சூரர் என்று சொல்லமாட்டோம். மனனம் செய்யவேண்டிய எதுவும் அவர் தலையில் தங்குவதில்லை. ஆனால் ஒருநாட் கேத்திரகணித வகுப்பில் நடந்ததை யாம் மறக்கவில்லை. முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மூன்றாவது முனை தானே நிச்சயமாகும் என்று ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து கொண்டிருந்தார். பின்வாங்கில் இருந்த நம் நண்பர் எழுந்து, "ஐயா, கடலிற் பார் இருக்கும் இடத்தை நாங்கள் இப்படித்தான் பிடிக்கிறது" என்றார். சுவாமிமலையின் முனையைக் கரையில் நிற்கும் ஒரு பனையோடு ஒரு நேராகவும், வடக்கே ஒரு கோயில் மரத்தை அதற்கப்பாலுள்ள குன்றோடு மற்றொரு நேராகவும் பார்த்து, இரு நேர்களும் கூடுமிடத்தில் தூண்டில் இறக்குவார்களாம். ஆசிரியர் சற்று நேரம் பேசாது நின்றார். பின்னர்ச் சுண்ணக்கட்டியை அவர் கையிற் கொடுத்துவிட்டுத் தாம் வாங்கில் வந்து அமர்ந்தார். அப்பெருந்தகை இன்று இல்லை. அவரிடம் யாம் கற்ற மிகச் சிறந்த பாடம் அதுவே.

கரைவலையை அறியாத இளைய மாணவர்க்கு ஒரு சொல். வாடைக்காற்று அடங்கிக் கடல் தணிந்தபின்னரே அத்தொழில் தொடங்கும். கயிற்றின் ஒரு தலையைக் கரையில் விட்டுத் தோணி கடலுட் சென்று, வலையை அரைவட்டமாக வளைத்து, மறு தலையோடு வேறிடத்திற் கரை சேரும். பின்னர் இருபுறத்தும் ஆட்கள் நின்று அம்பா பாடி இழுப்பர். இழுப்பது தோளின் வேலை. எப்பொழுது வளைப்பது, எங்கே வளைப்பது என்பது கண்ணின் வேலை. மீன்கூட்டம் வரும்பொழுது நீர் ஓரிடத்திற் கறுக்கும். பறவை தாழும். அலையின் மேல் ஒரு நடுக்கம் தோன்றும். முகில் நிழலும் நீரைக் கறுப்பாக்கும். நீரடியிற் கிடக்கும் பாசியும் ஆக்கும். எது மீன், எது நிழல் என்று கரையில் நின்றபடியே சொல்பவன்தான் தொழிலுக்குத் தலைவன். நம் நண்பர் ஐம்பது ஆண்டுகள் அவ்வாறு சொன்னவர். 2004ஆம் ஆண்டு மார்கழியில் வந்த கடற்கோள் தோணியையும் வலையையும் வாரிச்சென்ற பின்னரும், கடன்பட்டு மீண்டும் தொழில் தொடங்கியவர்.

2014ஆம் ஆண்டளவில் அவர் நினைவு தளரத் தொடங்கிற்று. கேட்டதையே கேட்டார். கொடுத்த பணத்தை மீண்டும் கொடுத்தார். ஒரு மாலை சல்லி அம்மன் கோயிலிலிருந்து திரும்புகையில், நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்தின் வாயிலில் நின்று, தம் வீட்டிற்கு வழி எது என்று ஒரு சிறுவனைக் கேட்டாராம். அவர் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். மக்கள் அஞ்சினர். எம்மிடம் வந்தனர். 1960களிற் பௌதிகம் படித்த பாவத்திற்காக, நவீன யந்திரங்கள் எல்லாம் எமக்கு விளங்கும் என்பது ஊரார் நம்பிக்கை. அடுத்த ஆண்டு யாமே அவரை அழைத்துக்கொண்டு தொலைவிலுள்ள ஒரு வைத்தியசாலைக்குச் சென்றோம்.

அங்கேதான் அந்தக் காந்தக் குகையை முதன்முதல் அருகிற் கண்டோம். எம்.ஆர்.ஐ. என்று இப்பொழுது யாவரும் சொல்லும் கருவி அது. நமது திருக்கோணமலையில் ஊசியைத் திருப்பும் பூமியின் காந்தப்புலத்தைப் போல முப்பதினாயிரம் மடங்கிற்கும் மேற்பட்ட வலிமையுடைய புலம் அக்குழாயினுள்ளே உண்டு. உடலின் நீரிலுள்ள ஐதரசன் அணுக்கருக்கள் அப்புலத்தில் ஒழுங்குபட்டு நிற்க, வானொலி அலையால் அவற்றைத் தட்டி, அவை மீளும்பொழுது எழுப்பும் மெல்லிய குறிப்பைக் கேட்டுப் படம் வரைகின்றனர். அணுக்கருவின் இக்குணத்திற்காக நோபல் பரிசு பெற்ற அறிஞரின் பெயர்களை யாம் ஆண்டுதோறும் மாணாக்கர்க்குச் சொன்னதுண்டு. ஆனால் அக்குழாயுள் நம் நண்பரின் பாதங்கள் மட்டும் வெளியே தெரிய, கற்பொடிக்கும் யந்திரம் போன்ற ஓசையை அரைமணி நேரம் கேட்டுக்கொண்டு நின்றபொழுது, பாடநூல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வெளியே வந்தவர், "மச்சான், உள்ளுக்கு ஆரோ தோணிக்கு ஆணி அடிக்கிறான்" என்றார்.

பின்னர் ஒரு சிறிய அறையில் வினாக்கள் தொடங்கின. இன்று என்ன திகதி? நாட்டின் சனாதிபதி யார்? நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லுங்கள். மூன்று சொற்கள் தருகிறோம், ஐந்து நிமிடத்தின் பின் கேட்போம். கடிகாரம் ஒன்று வரைந்து பதினொன்று பத்துக்கு முட்களை வையுங்கள். நாற்பது பேருக்குத் தாளும் பென்சிலும் இன்றிப் பங்கு பிரித்தவர், தொண்ணூற்று மூன்றோடு நின்றுவிட்டார். மூன்று சொற்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. கடிகாரத்தின் எண்கள் எல்லாம் ஒரே பக்கத்திற் குவிந்தன. அவர் எம்மைப் பார்த்தார். வகுப்பில் விடை தெரியாதபொழுது பக்கத்து வாங்கைப் பார்க்கும் அதே பார்வை. யாம் தலையைக் குனிந்துகொண்டோம்.

படத்தைக் காட்டி வைத்தியர் பண்போடு விளக்கினார். காதுக்கு உட்புறமாக, மூளையின் இருபக்கத்தும், வளைந்த உறுப்பு ஒன்று உண்டு. புதிய நினைவுகளைப் பதிப்பதும் வழி அறிவதும் அதன் தொழில். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்று அறிஞர் அரான்சியோ அதன் உருவத்தைக் கண்டு, கடற்குதிரையின் பெயரையே அதற்கு இட்டார். நம் நண்பருக்கு அது சுருங்கியிருந்தது. திரும்பிவரும் வழியில் இதனை யாம் அவருக்குத் தமிழிற் சொன்னோம். அவர் நெடுநேரம் சிரித்தார். "கடற்குதிரை வலையில வந்தா நாங்கள் திருப்பிக் கடலுக்கை எறியிற சாமான் மச்சான். அதுக்கோ இவ்வளவு காசு?" என்றார்.

கிழக்கில் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்த்தவரும், 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை வகித்தவருமாகிய சுவாமி விபுலாநந்தர் இச்சிரிப்பைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று எமக்குத் தோன்றியதுண்டு. தமிழிற் சொன்னமையாலன்றோ அவருக்கு அதில் நகைக்க இடம் கிடைத்தது!

இனிச் சொல்லப்போவதே எம் நெஞ்சை உறுத்துவது. வைத்தியசாலையிலிருந்து வந்த மூன்றாம் நாள், விடியுமுன் யாம் உப்புவெளிக் கரைக்குச் சென்றோம். தோணி ஆயத்தமாக நின்றது. இளைய மண்டாடி, தெற்கே நீர் கறுத்திருப்பதைக் காட்டி, வளைப்போம் என்றான். எம் கண்ணுக்கும் அது மீனாகவே தெரிந்தது. நண்பர் மணலிற் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "அது முகில்" என்றார். கால்மணி நேரம் கழிந்தது. முகில் நகர, கறுப்பும் நகர்ந்தது. பின்னர் அவரே எழுந்து, வடக்கே எமக்கு வெறும் நீராகத் தெரிந்த ஓரிடத்தைக் கையாற் காட்டி, "இப்ப போ" என்றார். அன்று வலை நிறையக் கீரியும் சூடையும் வந்தன. அந்தக் கையில் நடுக்கம் இல்லை. அந்தக் குரலில் ஐயம் இல்லை. அவர் அன்று என்ன கிழமை என்று அறியார். காலை உணவு உண்டாரா என்றும் அறியார்.

இதனைக் கண்ணாரக் கண்டோம். கண்டும், அன்று மாலை அவர் மக்கள் எம்மை அழைத்து, "மாஸ்டர், அப்பாவைத் தொழிலுக்கு விடலாமா?" என்று கேட்டபொழுது, "படம் பொய் சொல்லாது. புள்ளிகளும் பொய் சொல்லா. இனி விடுவது முறையன்று" என்று தீர்ப்புச் சொன்னோம். விஞ்ஞானத்தின் பெயராற் சொன்னோம். அவர்கள் எம்மை நம்பினர். அந்த மாதமே வலையும் தோணியும் கைமாறின. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. விற்ற நாளில் வலையின் மடியைத் தடவிப் பார்த்துவிட்டு வீட்டினுட் சென்றார் என்று அவர் மனைவியார் பின்னர்ச் சொன்னார்.

இளைப்பாறியவர்க்கு நேரம் மிகுதி. வெளிநாட்டிலுள்ள எம் பழைய மாணாக்கர் இருவர், யாம் கேட்டதற்கிணங்க மூளை ஆராய்ச்சிக் கட்டுரைகளை அனுப்பத் தொடங்கினர். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. எம்மைப் போன்றே ஆராய்ச்சியாளரும் நெடுங்காலம் அந்த அறையினுள் இருந்தனர். அதன் குறையை உணர்ந்து இப்பொழுதுதான் கதவைத் திறந்துகொண்டிருக்கின்றனர்.

நண்பரின் படம் மூளையின் உருவத்தை மட்டும் காட்டிற்று, தொழிலைக் காட்டவில்லை. தொழிலைக் காணும் வழியை 1990இல் வெளியிட்டவர் செய்ஜி ஒகாவா என்னும் யப்பானிய விஞ்ஞானி. ஒட்சிசனை இழந்த குருதி காந்தத்தால் ஈர்க்கப்படும், ஒட்சிசன் உள்ள குருதி ஈர்க்கப்படாது என்பதை 1936இலேயே போலிங்கும் கொரியெலும் கண்டிருந்தனர். மூளையின் ஒரு பகுதி உழைக்கும்பொழுது அங்கே புதுக்குருதி பாய்கின்றது. படத்தில் அப்பகுதியின் குறிப்பு மாறுகின்றது. எத்துணை எளிய பௌதிகம்! யாம் வகுப்பறையிற் கற்பித்த பாடத்தின் அடுத்த பக்கமே அது. ஆயினும் குருதி தாமதித்தே வரும். எண்ணம் எழுந்து ஐந்தாறு வினாடி கழிந்த பின்னரே அதன் உச்சம் தெரியும். தலை சிறிது அசைந்தாலும் படம் பாழ். ஆகவே ஆராய்ச்சியாளர் மனிதரை அசையாது கிடத்தி, ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு சொல் என்று தனித்தனியே காட்டி, அம்மனிதர் விரலால் ஒரு பொத்தானை அமுக்குவதை 'அறிவு' என்று கணக்கிட்டனர். உப்புவெளியில் எவரும் அவ்வாறு அறிவதில்லை. மீன்கூட்டம் புள்ளி புள்ளியாகத் தோன்றுவதுமில்லை.

2004இல் இஸ்ரவேலிலுள்ள வைஸ்மன் நிலையத்தில் ஊரி ஹசனும் அவர் தோழரும் வேறொன்று செய்தனர். ஐந்து பேரைத் தனித்தனியே குழாயிற் படுக்கவைத்து, மேற்குத் திசைத் துப்பாக்கி வீரர் கதையான ஒரு திரைப்படத்தை அரைமணி நேரம் ஓடவிட்டனர். வேறு கட்டளை ஒன்றும் இல்லை. விரும்பியவாறு பாருங்கள் என்றனர். ஒருவர் மூளையிற் குறிப்பு ஏறி இறங்கிய முறையிலேயே மற்றவர் மூளையிலும் மேற்பரப்பின் பல பகுதிகளில் ஏறி இறங்கிற்று. வாழ்வு போன்ற ஒன்றைக் குகையினுட் கொண்டுசென்றாலும் ஒழுங்கு காண முடியும் என்பது அதனால் வெளிப்பட்டது.

இதிலும் வியப்பானது 2014இல் கனடாவில் நிகழ்ந்தது. பதினாறு ஆண்டுகளாக எவ்வித மறுமொழியும் இன்றிக் கிடந்த ஒருவருக்கு, லொரினா நாசியும் ஏட்ரியன் ஓவனும் அவர் தோழரும், ஹிட்ச்கொக் எடுத்த தொலைக்காட்சிப் படம் ஒன்றை எட்டு நிமிடமாகச் சுருக்கிக் காட்டினர். ஒரு சிறு பையன் குண்டு நிறைந்த துப்பாக்கியை விளையாட்டுப் பொருள் என்று எண்ணிக்கொண்டு திரிவதே கதை. அடுத்தது என்ன ஆகுமோ என்று நலமுடையோர் மூளை பதறும் இடங்களில் எல்லாம் அவருடைய மூளையின் குறிப்பும் அவ்வாறே எழுந்தது. கட்டிலருகே நின்று, கையை உயர்த்தும், கண்ணைச் சிமிட்டும் என்று கேட்ட சோதனைகளில் அவர் பெற்ற புள்ளி பூச்சியம். கதை ஒன்றைத் தந்தபொழுது அவர் உள்ளே இருந்தார். யாம் இதனைப் படித்தது ஓர் இரவில். அன்று உறக்கம் வரவில்லை.

வாழ்வைக் குகைக்குக் கொண்டுசெல்வது ஒரு வழி. வாழ்வு மூளையில் விட்டுச்சென்ற தடத்தைக் குகையிற் பார்ப்பது மற்றொரு வழி. இலண்டனில் வாடகைக் கார்ச் சாரதியாக அனுமதி பெறுவதற்கு, அந்நகரின் ஆயிரக்கணக்கான வீதிகளையும் நெஞ்சிற் கொள்ளவேண்டும். அச்சாரதிகளுடைய கடற்குதிரையின் பின்பகுதி பிறருடையதிலும் பெரிது என்று எலினோர் மகுவைர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். பெரிதாயிருந்தமையால் அத்தொழிலுக்கு வந்தனரா, தொழிலால் பெரிதாயிற்றா என்ற கேள்வி நின்றது. பயிலத் தொடங்கிய 79 பேரைத் தொடர்ந்து படமெடுத்து 2011இல் விடை கண்டனர். தேறிய 39 பேரிலேயே அப்பகுதி வளர்ந்திருந்தது.

நம் பக்கத்திலும் இதற்கு ஒப்பான ஆராய்ச்சி உண்டு. தில்லிக்கு அண்மையில் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி நிலையத்தில், ஜேம்ஸ் ஹார்ட்செல்லும் நந்தினி சட்டர்ஜி சிங்கும் அவர் தோழரும், இளமை முதல் யசுர்வேதத்தை வாய்மொழியாகவே ஓதிப் பயின்ற பண்டிதர் 21 பேரை ஏனையோர் 21 பேருடன் ஒப்பிட்டு 2016இல் வெளியிட்டனர். மொழிக்கும் நினைவுக்கும் உரிய பல பகுதிகள் பண்டிதரிடம் தடித்திருந்தன. இதனைக் கேட்டவுடன், தேவாரத்தை மனனம் செய்வித்த நம் பழைய முறையே சிறந்தது என்று சில நண்பர்கள் கொடி தூக்கினர். பொறுக்க! இவ்வாராய்ச்சி ஒருமுறை எடுத்த படமேயன்றிச் சாரதிகளைப் போல் தொடர்ந்து எடுத்ததன்று. தடிப்பு ஓதியதால் வந்ததா, ஓத வல்லவரே ஓத வந்தனரா என்பதை அது தீர்க்கவில்லை. படத்தைக் கண்டு தீர்ப்புச் சொல்லும் அவசரத்தின் விலை எமக்குத் தெரியும்.

நுட்பமாகப் பார்ப்பதில் மனிதன் அடைந்துள்ள எல்லை மலைக்கத்தக்கது. சென்னை ஐ.ஐ.டி.யிலுள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையத்தார், 2024ஆம் ஆண்டு மார்கழியில் 'தாரணி' என்ற பெயரால், கருவிலுள்ள சிசுவின் மூளையை உயிரணு உயிரணுவாகக் காட்டும் 5,132 வெட்டுமுகப் படங்களை உலகிற்கு இலவசமாக வழங்கினர். அதே ஆண்டு பிரான்சில் பாரிசுக்கு அண்மையிலுள்ள சக்ளேயில், 11.7 தெஸ்லா வலிமையும் 132 தொன் நிறையும் கொண்ட காந்தம், உயிருள்ள மனிதரின் மூளையை மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு நுட்பத்துடன் நான்கு நிமிடத்திற் படமெடுத்தது. தமிழகத்தில் இத்தகு பணி நடப்பது நமக்குப் பெருமை. ஆனால் ஒன்றைக் கவனிக்க. சென்னையின் படங்கள் அனைத்திலும் நுண்ணியவை, அம்மூளைகள் எண்ணுவதில்லை. சக்ளேயின் படத்திற்குரியவர் எண்ணுகின்றார், அசையக் கூடாது. நுட்பம் ஏற ஏற வாழ்வு விலகிச் செல்கின்றது.

மறுபுறத்தில், தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் நகரங்களிலும் சென்று, வயது வந்தோரின் தலையிற் கையடக்கமான கருவியை வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிந்தனர் தாரா தியாகராஜனும் தன்யா பரமேசுவரனும். வருமானம், தொலைபேசி, பிரயாணம் ஆகியன பெருகிய இடத்து ஆல்பா என்னும் அலை ஓங்கியும், அவை குறைந்த இடத்து மங்கியும் இருந்ததை 2017இல் எழுதினர். மேல்நாட்டுச் சர்வகலாசாலை மாணவரின் மூளையே மனித மூளை என்று கொண்டிருந்தோர்க்கு இது நல்ல படிப்பினை. ஆயின் அக்கருவி மண்டையோட்டின் மேல் நின்று கேட்பது. உள்ளே எந்த மூலையிலிருந்து ஒலி வருகின்றது என்பதைத் தெளிவாகச் சொல்லாது. அவர்களும் கண்ணை மூடி அமர்ந்திருக்கவே சொன்னார்கள்.

இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு பாலம் 2018இல் இங்கிலாந்தில் அமைந்தது. எண்ணம் எழும்பொழுது மூளையிலிருந்து மிக மெல்லிய காந்தப்புலம் ஒன்று வெளிப்படும். பூமியின் புலத்திற் கோடியில் ஒரு பங்கிலும் சிறியது. அதனை அளக்க முன்னர் அரைத்தொன் எடையுள்ள, திரவ ஈலியத்தாற் குளிரூட்டிய கருவி வேண்டும். தலையை அதனுட் செலுத்தி ஆடாதிருத்தல் வேண்டும். நொட்டிங்ஹாம் சர்வகலாசாலையாரும் இலண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியாரும், ரூபிடியம் ஆவியை ஒளிக்கதிரால் நோக்கும் சிறு உணரிகளை ஒரு தலைக்கவசத்திற் பதித்தனர். அதன் நிறை 905 கிராம். அதனை அணிந்தவர் தலையை ஆட்டினார், தேநீர் குடித்தார், மட்டையாற் பந்தைத் தட்டினார், அளவை குலையவில்லை. பூமியின் காந்தத்தை விலக்கும் சுவர்களையுடைய அறையில்தான் இதுவும் நடந்தது. கடற்கரைக்கு அது இன்னும் வரவில்லை. ஒரு மனிதர் தேநீர்க் கோப்பையை உயர்த்துவதை விஞ்ஞானிகள் பெருநிகழ்ச்சியாகப் பதிந்ததைப் படித்தபொழுது எமக்கு முதலிற் சிரிப்பு வந்தது. பிறகு, அந்தச் சிறிய அறையில் நம் நண்பருக்கு எவரேனும் ஒரு தேநீரைக் கொடுத்து, கடல் எப்படி என்று கேட்டிருந்தால் என்ன என்று தோன்றிற்று. கேட்கவேண்டியவர் யாமே அன்றோ? பக்கத்தில் இருந்தவர் யாம்தாமே!

அவரைத் தொடர்ந்து தொழிலுக்கு விட்டிருந்தால் நோய் தணிந்திருக்கும் என்று சொல்ல யாம் துணியோம். அவ்வாறு சொல்ல விஞ்ஞானம் எமக்கு இடந்தரவில்லை. மயான வாயிலில் வழி தவறியதும் உண்மை. வைத்தியர் சொன்ன நோயும் உண்மை. தோணியில் ஏறவிடாது தடுத்தது சரியே என்று இன்றும் எண்ணுகின்றோம். கரையில் மணலிற் குந்தியிருந்து கையைக் காட்டுவதையும் சேர்த்துத் தடுத்தோமே, அதற்குத்தான் விடை இல்லை. ஐம்பது ஆண்டுகள் கடலைப் பார்த்த அறிவு அவர் மூளையில் எங்கே எவ்வாறு எஞ்சியிருந்தது என்பதை எந்தப் படமும் எமக்குக் காட்டவில்லை. எட்வின் ஹச்சின்ஸ் என்பவர் அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்றின் மேற்றளத்தில் மாலுமிகளோடு நின்று, துறைமுகத்துட் கப்பல் செலுத்தும் அறிவு ஒரு தலைக்குள் இல்லை, பல தலைகளிலும் கருவிகளிலும் பரந்துள்ளது என்று 1995இல் ஒரு நூல் எழுதினார். அதன்படி பார்த்தால், நம் நண்பரின் அறிவில் ஒரு பங்கு அக்கரையிலேயே இருந்தது. அவரைக் கரையிலிருந்து பிரித்து அறையில் இருத்தி அளந்தபொழுது, மீதிப் பங்கைத்தான் அளந்தனர்.

வலை கைமாறிய பின்னும் சில காலம் அவர் விடியலிற் கரைக்கு வந்து, கவிழ்த்த வள்ளம் ஒன்றின் மேல் அமர்ந்திருப்பார். புதிய சம்மாட்டி நல்லவர். மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்பார். 2017ஆம் ஆண்டு ஒரு காலை யாம் ஓர் அப்பியாசக் கொப்பியுடன் அவர் அருகிற் சென்று அமர்ந்தோம். எம் பெயர் அவருக்கு நினைவில்லை. அதனைக் கேட்டு அவரை வருத்தவுமில்லை. கடலைக் காட்டி, "இன்றைக்கு எப்படி?" என்றோம். கச்சான் எப்பொழுது எழும், நீர் எந்தப் பக்கம் இழுக்கின்றது என்று சொன்னார். பாரைப் பிடிக்கும் நேர்களைக் கேட்டோம். சுவாமிமலை முனையைப் பனைக்கு நேரே வைக்கச் சொன்னார். கோயில் மரத்தைக் குன்றிற்கு நேரே வைக்கச் சொன்னார். கரும்பலகையில் வரைந்த அதே முக்கோணம். அவ்வாறு ஏழு இடங்களைச் சொன்னார், யாம் எழுதிக்கொண்டோம். எழுதி முடித்தபின், "மாஸ்டர், கால் நனையுது, தள்ளி இரும்" என்றார். அலை வந்ததை யாம் கவனிக்கவில்லை.

அவர் 2019ஆம் ஆண்டு கார்த்திகையில் மறைந்தார். வாடை தொடங்கி, வலைகள் யாவும் கரையேறியிருந்த காலம்.

அக்கொப்பியின் பிரதி ஒன்றை அவர் பேரன் கேட்டு வாங்கிச் சென்றான். நம் கல்லூரியிற் படிப்பவன். சென்ற மாதம் திரும்பி வந்து, முதல் நேருக்குரிய பனை இப்பொழுது இல்லை, அவ்விடத்தில் விடுதி ஒன்று எழுந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டான். மற்றை ஆறு நேர்களிலிருந்தும் கணித்துப் பனை நின்ற இடத்தை வரைபடத்திற் குறிக்கலாம் என்று அவனுக்குச் சொன்னோம். கடலில் நின்று பார்ப்பதற்கு எந்த அடையாளத்தைக் கொள்வது என்பதை எம்மாற் சொல்ல முடியவில்லை. அதனைத் தோணியில் ஏறித்தான் பார்க்கவேண்டும். கடல் தணிந்ததும் இருவரும் செல்வதாக உள்ளோம்.